புகையாத கங்கும் பழைய லேண்ட் ரோவரும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிகூட ஆகவில்லை. எங்கள் கூடாரத்து வாசலில் ஒருவர் வந்து நின்றார். "டாக்டர், தலைவலி மாத்திரை இருக்கிறதா? நேற்றுப் பிராந்தி கொஞ்சம் அதிகமாகிவிட்டது" என்றார். பையைத் துழாவிக்கொண்டே, "உங்களுக்கு மட்டும்தானா?" என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான்.

"வீட்டுக்காரிக்கும் குமட்டுகிறதாம். பையன் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான். நாய்கூட ராத்திரி வாந்தி எடுத்துவிட்டது."

பன்னிரண்டு வயதுப் பையனும் நாயும் பிராந்தி குடிப்பதில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அந்தக் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இடம் மட்டும் அதேதான்: தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரம், அண்டர்பர்க் ஊருக்குச் சற்று அப்பால், ஜூலை மாதம். நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். திருநெல்வேலியிலிருந்து வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. மாமனார் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்காரர். அவருடைய தாத்தா கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர். மாமாவிடம் 1969ஆம் வருடத்து லேண்ட் ரோவர் ஒன்று இருக்கிறது, சீரீஸ் டூ ஏ. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அதன் சாவியைக் கையில் கொடுக்க அவருக்கு ஏழு வருடம் பிடித்தது.

இப்படிப்பட்ட வண்டிகளை வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை வெள்ளிக்கிழமை மாலை கூடி, ஞாயிறு மதியம் கலைவார்கள். வில்லிஸ் ஜீப்புகள், பழைய லேண்ட் குரூசர்கள், மூன்று தலைமுறை லேண்ட் ரோவர்கள் என நாற்பது வண்டிகள் வரை வந்து சேரும். சனிக்கிழமை சானி கணவாய் ஏறி லெசோத்தோ எல்லை வரை போவார்கள். உச்சி 2,876 மீட்டர். மாலையில் இறங்கி வந்ததும் பிராய், அதாவது இந்த நாட்டில் யார் வீட்டு விசேஷமானாலும் மூட்டப்படும் கரியடுப்பு. ஒரு பக்கம் மூன்றுகால் இரும்புச் சட்டியில் உருளைக்கிழங்கு போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். இருட்டியதும் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். டர்பன் கடற்கரைச் சூட்டில் வளர்ந்த உடம்புக்கு அது தாங்காது. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அவர்கள் கூடாரத்தின் ஜிப் தரைவரை இழுத்து மூடப்பட்டிருந்தது. காற்று புகாமலிருக்க, அடி ஓரத்தில் வரிசையாகக் கல் வேறு வைத்திருந்தார்கள். மூலையில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா. பாதி வரை சாம்பல், வெள்ளை வெளேரென்று. கையை மேலே பிடித்துப் பார்த்தேன். உள்ளே இன்னும் அனல் இருந்தது. புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. பையனை வெளியே தூக்கிக்கொண்டு வந்து, விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 99 என்று காட்டியது.

"99 இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?" என்றார் அவன் அம்மா. கொரோனாவுக்குப் பிறகு அந்த எண்ணைப் படிக்கத் தெரியாத வீடே இல்லை. 94க்குக் கீழே போனால் பதறுவதும் மேலே இருந்தால் நிம்மதியாக இருப்பதும் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் கரி வாயு, அதாவது கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் அந்தக் கருவியை நம்பவே கூடாது. அது ரத்தத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் கணக்குச் சொல்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பு, கார்பன் மோனாக்சைடு ஏறியதும் சிவப்பு. சாதாரண ஆக்சிமீட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் இருக்கையெல்லாம் நிறைந்திருக்கிறது என்று நடத்துநர் சொல்கிறார். உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் இறங்கவே மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. மூளையும் இதயமும் நிறுத்தத்தில் காத்துக்கொண்டே நிற்கின்றன.

உண்மை தெரிய வேண்டுமென்றால் ரத்தம் எடுத்துத் தனிக் கருவியில் சோதிக்க வேண்டும். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே கூட்டிப்போன பிறகும் பையனின் ஹீமோகுளோபினில் 19 விழுக்காட்டை அந்த வாயு பிடித்து வைத்திருந்தது. அவன் அப்பாவுக்கு அதைவிடக் குறைவு, நடுநிசியில் இரண்டு முறை வெளியே போய்வந்தாராம். பிராந்தி அவருக்கு அந்த அளவில் உபகாரம் செய்திருக்கிறது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

எரியும் கட்டையைக் கூடாரத்துக்குள் கொண்டுபோக யாருக்கும் துணிச்சல் வராது. கண் எரியும், இருமல் வரும், துணி பற்றிக்கொள்ளும் என்ற பயம் இருக்கும். தழல் அடங்கி, புகை நின்று, கங்கு மட்டும் சிவந்து கிடக்கும்போதுதான் "இனிமேல் ஆபத்தில்லை" என்று தோன்றுகிறது. கண்ணை எரிக்கும் புகைதான் நமக்கு எச்சரிக்கை, அது போய்விட்டது. கங்கோ காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்து, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கிறது. இங்கே பிராய்க்கு விரும்பி வாங்கும் கமீல்டோரிங் கட்டையின் கங்கு லேசில் அணையாது. கறி சுட அது வரம்.

"எங்கள் ஆச்சி கணப்புச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள், தொண்ணூறு வயது வரை இருந்தாள்" என்று ஒருவர் என்னோடு வாதாடினார். என் ஆச்சியும் அப்படித்தான். பிள்ளை பெற்றவளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டுக் கங்கில் சாம்பிராணி போடுவதையும் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் அந்த வீடுகள் ஓட்டு வீடுகள். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் வானம் தெரியும். ஜிப் போட்ட கூடாரத்துக்கு அந்தப் பொத்தல் கிடையாது. சன்னல் வலையை ஒரு சாண் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. காற்று இல்லாத இரவில் அது எதற்கும் உதவாது. மின்வெட்டு வருடங்களில் வீட்டுக்கென்று வாங்கிய கேஸ் ஹீட்டர்கள் இப்போது பக்கி என்று இங்கே சொல்லும் பிக்கப் வண்டியின் பின்னால் ஏறி முகாமுக்கு வருகின்றன. அவையும் கூடாரத்துக்குள் ஆகாது.

கங்கின் கதை எல்லா முகாமுக்கும் பொது. பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது.

இன்றைய பெட்ரோல் காரில் புகைக்குழாயில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உண்டு. எஞ்சின் சூடானதும் அது கார்பன் மோனாக்சைடின் பெரும்பகுதியை மாற்றிவிடும். மாமாவின் வண்டியில் அது கிடையாது. கார்புரேட்டர் வண்டி, குளிரில் சோக்கை இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். அப்போது பெட்ரோல் கூடுதலாகவும் காற்றுக் குறைவாகவும் போகும். வெளியே வருவதில் பல விழுக்காடு கார்பன் மோனாக்சைடாகவே இருக்கும். மூடிய இடத்துக் காற்றில் ஒரு விழுக்காட்டில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே, மணிக்கணக்கில் அதற்குள் இருப்பவருக்கு உயிராபத்து. இதோடு மலை வேறு சேர்ந்துகொள்கிறது. டர்பனில் கடல்மட்டத்துக்குச் சரிபார்த்த கார்புரேட்டர், மேலே ஏற ஏறக் காற்று மெலிவதால் தானாகவே பெட்ரோலை அதிகமாகக் கலக்க ஆரம்பிக்கும். சானி ஏறும்போது எஞ்சின் மூச்சுத் திணறிக் கறுப்பாகப் புகைவதை எல்லோரும் ரசித்துப் படம் எடுப்பார்கள். அதே நேரத்தில் நம் நுரையீரலுக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டிருக்கிறது.

லேண்ட் ரோவரின் மேல் தகடுகள் அலுமினியக் கலவை, துருப்பிடிக்காது என்று மாமா பெருமையாகச் சொல்லுவார். அவை துருப்பிடிக்காதுதான். ஆனால் காலுக்கு முன்னால் எஞ்சினையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தடுப்பு இரும்பு, அடிச்சட்டமும் இரும்பு. ஐம்பது வருடத்தில் அந்தத் தடுப்பில் ஓட்டை விழாத வண்டியை நான் பார்த்ததில்லை. பெடல் நுழையும் துளையில் ரப்பர் போயிருக்கும், கியர் கம்பியைச் சுற்றிய தோல் கிழிந்திருக்கும். எஞ்சினிலிருந்து புகையைக் குழாய்க்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிந்தால் புகை நேராகக் கால்மாட்டுக்கு வரும். கேன்வாஸ் கூரை வண்டியில் இன்னொரு சூட்சுமம் உண்டு. முன் சன்னலை மூடி, பின் திரையை மட்டும் சுருட்டி விட்டுக்கொண்டு ஓட்டினால், ஓடும் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, தன் புகையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கேதான் பக்கவாட்டு பெஞ்சில் பிள்ளைகளை உட்கார வைக்கிறோம். மலைப்பாதையில் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் வளைவுகளின்மேல் பழி போடுகிறோம்.

கசிவைக் கண்டுபிடிக்க வொர்க்‌ஷாப்புக்குப் போக வேண்டிய அவசியமில்லை. திறந்த வெளியில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பானட்டைத் தூக்கி மேனிஃபோல்ட் இணைப்புகளைப் பாருங்கள். கசியும் இடத்தில் கறுப்பாகக் கரி கோடு போட்டிருக்கும். பிறகு வண்டியைக் கிளப்பி, ஒருவர் கனமான ஈரத்துணியால் சைலன்சர் வாயைச் சில நொடிகள் மட்டும் அடைக்கட்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்காவது ஓட்டை இருந்தால் "புஸ் புஸ்" என்று சத்தம் கேட்கும். மாமாவின் வண்டியில் மூன்று இடத்தில் கேட்டது. அவர் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி. எங்கள் பிரிவுக்கு வருபவர்களில் பாதிப்பேர் சொல்வது இதைத்தான். ஃப்ளூ, கெட்டுப்போன கறி, குடி, உயரமான இடம் என்று எதன் தலையில் வேண்டுமானாலும் கட்டிவிடலாம். மருத்துவர்களும் கட்டிவிடுகிறோம். பல வருடம் முன்பு, இதே மாதிரி ஒரு தம்பதியை நான் வயிற்றுக்கோளாறு என்று மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மறுநாள் இன்னும் மோசமாகித் திரும்பி வந்தார்கள், நல்லவேளையாக வந்தார்கள். அன்றிலிருந்துதான் "உங்களுக்கு மட்டும்தானா?" என்ற கேள்வி என் வாயில் ஒட்டிக்கொண்டது. ஒரே கூரையின் கீழ் படுத்தவர்களுக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே வந்து சற்று நேரத்தில் தேறினால், காய்ச்சலும் இல்லையென்றால், முதலில் காற்றைத்தான் சந்தேகப்பட வேண்டும். சிறுசுகளும் நாயும் முதலில் சுருண்டால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். உடல் சிறிது, மூச்சு வேகம். தோல் செர்ரிப் பழம் போலச் சிவக்கும் என்று நாங்கள் படித்ததை உயிரோடு இருப்பவர்களிடம் எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் திரையைக் கிழித்தாவது திறந்து, எல்லோரையும் வெளியே இழுத்துப் போடுங்கள். நீங்கள் உள்ளே நின்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம். மயங்கிக் கிடப்பவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைபேசியில் 112, ஆம்புலன்ஸுக்கு நேராக 10177. "ஒரே கூடாரத்தில் இத்தனை பேர், கரிப்புகை என்று சந்தேகம்" என்று அந்த வார்த்தையைச் சொல்லிவிடுங்கள், ஆக்சிஜனோடு வருவார்கள். வெளிக்காற்று மட்டும் என்றால் ரத்தத்திலுள்ள வாயு பாதியாகக் குறையவே நான்கு ஐந்து மணி நேரம் ஆகும். இறுக்கமான முகமூடியில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். தெளிந்துவிட்டாரே என்று அப்படியே விட்டுவிட வேண்டாம். சிலருக்கு நாட்கள், வாரங்கள் கழித்து மறதியும் தடுமாற்றமும் வரும். கர்ப்பிணி என்றால் அவள் நன்றாகவே தெரிந்தாலும் கொண்டுபோக வேண்டும்; வயிற்றிலிருக்கும் குழந்தையின் ரத்தம் இந்த வாயுவை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

மீந்த கங்கை மண்ணைப் போட்டு மூடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மண் சூட்டை உள்ளே பூட்டி வைக்கும். காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளைகளின் பாதங்களுக்குக் கட்டுப் போட்டு எனக்குச் சலித்துவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். குளிருக்கு? உடம்பின் சூடு தரை வழியாகவும் நிறையப் போகிறது. கம்பளியை மேலே அடுக்குவதற்கு முன் கீழே தடித்த மெத்தை போடுங்கள், கால்மாட்டில் சுடுநீர்ப் பை வையுங்கள்.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று ஒன்று இருக்கிறது. அட்டையில் இஎன் 50291-2 என்று போட்டிருந்தால் அது கேரவன், படகு போன்றவற்றுக்காகச் சோதிக்கப்பட்டது. புகை அலாரம் வேறு, அதை வாங்கி ஏமாறாதீர்கள். இங்கிலாந்திலிருந்து அசல் ஹெட்லைட் வளையத்தை வரவழைக்கப் பணம் இருந்த மாமாவுக்கு இதற்கு மட்டும் மனம் வரவில்லை. கடைசியில் என் மனைவி வாங்கி, அவருடைய பிறந்தநாளுக்கு என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

இந்த ஜூலையில் விடிய ஐந்து மணிக்கு அது அலறியது. "உன் பொம்மையை நிறுத்துடா, முகாமே எழுந்துவிட்டது" என்று மாமா கத்தினார். எங்கள் கூடாரத்தில் கங்கும் இல்லை, ஹீட்டரும் இல்லை. வெளியே வந்து பார்த்தால், பக்கத்துக்காரர் சானிக்குப் புறப்பட ஜீப்பைச் சோக் போட்டுக் கிளப்பிவிட்டு, காபி போடப் போயிருக்கிறார். அதன் சைலன்சர் எங்கள் திரையிலிருந்து இரண்டடியில் இருந்தது. மாமா போர்வையோடு போய் எஞ்சினை அணைத்தார். அந்த மனிதர் டம்ளரோடு ஓடி வந்தபோது மாமா திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ பானட்டைத் திறந்து, டார்ச்சை மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பிடித்து, "தம்பி, இங்கே பார், கரி கோடு போட்டிருக்கிறது" என்றார். இருவரும் வெயில் ஏறும் வரை அதைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.