ஃபிளாண்டர்ஸ் வீடு மட்டும் ஏன் விழுந்தது?

‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் 1996 டிசம்பரில் ஒளிபரப்பான அத்தியாயமொன்றில், ஸ்பிரிங்ஃபீல்டைத் தாக்கும் புயல் சிம்ப்சன் குடும்பத்தின் வீட்டை விட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்காரரான நெட் ஃபிளாண்டர்ஸின் வீட்டைத் தரைமட்டமாக்குகிறது. இது உண்மையில் நடக்குமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நடக்கும்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பது பள்ளிப் பாடம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்று, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தைத் தரும். அமெரிக்க மரச்சட்ட வீட்டுக் கூரையின் எடையோ பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கும் குறைவு.

கூரையைக் காற்று தள்ளுவதை விட உறிஞ்சித் தூக்குவதே அதிகம். இறவாரத்தின் கூரிய விளிம்பில் மோதும் காற்று கூரையோடு ஒட்டிச் செல்லாமல் பிரிந்து சுழல்வதால், அங்கே அழுத்தம் சட்டென்று குறைகிறது. வீடு மூடியிருக்கும் வரை கூரை பெரும்பாலும் இதைத் தாங்கிவிடும். பறந்து வந்த ஒரு மரக்கிளை காற்று வரும் பக்கத்துச் சன்னலை உடைத்துவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றி, பலூனை ஊதுவதுபோல் வீட்டை உப்பவைத்துக் கூரையைக் கீழிருந்து உந்த, மேலிருந்து உறிஞ்சும் விசையும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. அமெரிக்கக் கட்டட விதிகள், மூடிய வீட்டின் உள்ளழுத்தத்திற்கு 0.18 என்ற கெழுவையும் (காற்றின் அழுத்தத்தில் எத்தனை பங்கு என்று காட்டும் எண்), இவ்வாறு ஒரு பக்கம் திறந்துபோன வீட்டிற்கு 0.55 என்பதையும் கணக்கில் கொள்கின்றன; ஏறத்தாழ மூன்று மடங்கு! இரு வீடுகளின் விதியை ஒரே கண்ணாடி பிரித்துவிட முடியும் என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது. அழுத்தத்தைச் சமன்செய்யச் சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும் என்ற பழைய நம்பிக்கை ஆபத்தானது என்பதற்கும் இதுவே காரணம்.

அதே அத்தியாயத்தில் அண்டை வீட்டார் அன்போடு கட்டித்தரும் புது வீடும் இடிந்து விழுகிறது. கூரையைத் தூக்கும் விசை கைமரம், சுவர், அடித்தளம் என்று அறுபடாமல் மண்ணுக்குள் இறங்க வேண்டும். ஓர் இணைப்பு பலவீனமானாலும் மற்றவற்றின் வலிமை வீணாகும். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைச் சிதைத்தபோது, கூரைப் பலகைகளில் அடித்த ஆணிகள் பல கைமரத்தில் இறங்காமல் விலகியிருந்தது ஆய்வுகளில் தெரியவந்தது.

வீட்டை இழந்த நெட், கடவுள் தன்னைத் தண்டிக்கிறாரா என்று பாதிரியாரிடம் கேட்கிறார். துயரத்தில் எழும் அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்த வீட்டைக் காப்பாற்றும் விடை, கைமரத்தைச் சுவரோடு பிணைக்கும் உலோகப் பட்டையில்தான் இருக்கிறது. மயாமியிலுள்ள ஃபுளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தில் 12 ராட்சத விசிறிகள் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகக் காற்றை எழுப்பி இத்தகைய இணைப்புகளைச் சோதிக்கின்றன. புயலுக்குப் பிந்தைய நிவாரணத்திற்குத் தாராளமாகச் செலவிடும் அரசுகள், இவ்வகை ஆய்வுக்கும் அதே மனத்தோடு நிதி ஒதுக்க வேண்டும் என்பேன்.