உராய்வுக் கிளறல் பற்றவைப்பு

ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் வெல்டிங் என்பது உலோகத் தகடுகளை உராய்வு வெப்பத்தால் இணைக்கும் ஒரு முறை. இந்தப் பெயரின் நடுச்சொல்லை ‘கலக்கல்’ என்று பெயர்க்கத்தான் முதலில் தோன்றும். ஆனால் நாம் மோரைக் கலக்குகிறோம், அல்வாவைக் கிளறுகிறோம். இந்த முறையில் உலோகம் உருகி ஓடுவதில்லை, இளகிக் குழைகிறது. ஆகவே ‘கிளறல்’தான் பொருத்தம்.

1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள டிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் வெய்ன் தாமஸும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய முறை இது. சுழலும் கருவியின் நுனியில் சிறிய முளை, அதற்கு மேல் அகன்ற தோள். இறுக்கிப் பிடித்த இரு தகடுகளின் இணைப்புக் கோட்டில் முளையை இறக்கி நகர்த்தினால், உராய்வு வெப்பத்தில் இளகிய உலோகத்தை அது கிளறிக்கொண்டே போகும். தோள் மேலிருந்து அழுத்திக் கெட்டிப்படுத்தும். உலோகத்தை உருக்கும் மின்வில்லும் (ஆர்க்) இல்லை, நிரப்புக் கம்பியும் இல்லை.

‘வெல்ட்’ என்ற ஆங்கிலச் சொல், கொதித்துப் பொங்குவதைக் குறித்த பழைய வினை ஒன்றின் திரிபு. உருகாத இணைப்புக்கு அது சற்று முரண்தான். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. ‘பற்றவைத்தல்’ தீ மூட்டுவதையும் குறிக்கும் என்றாலும், ‘பற்று’ என்றால் ஒட்டிக்கொள்வது. உலோகங்களை ஒட்டவைக்கும் பொருளைக் குறிக்கும் பற்றாசு என்ற பழஞ்சொல்லிலும் அதே ‘பற்று’தான்.

வெவ்வேறு உலோகங்களை இணைப்பதை ‘வேற்றுலோகப் பற்றவைப்பு’ எனலாம். ‘ஒவ்வா உலோகம்’ என்பது மிகை. வேறுபடுவதெல்லாம் ஒவ்வாதது ஆகிவிடாது. அலுமினியமும் எஃகும் அந்த வசைக்கு ஓரளவு தகுதியுள்ள ஜோடிதான். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். எஃகுக்கு ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். இரண்டையும் உருக்கிச் சேர்த்தால் இரும்பும் அலுமினியமும் வினைபுரிந்து, தட்டினால் நொறுங்கும் சேர்மப் படலம் தடித்து வளரும். கிளறல் முறையிலும் அது உருவாகும். வெப்பம் குறைவு என்பதால் மெல்லியதாகவே நின்றுவிடும். அதற்காகத்தான் விளிம்போடு விளிம்பு சேர்க்கும்போது முளையை நடுவில் வைக்காமல் அலுமினியத்தின் பக்கம் தள்ளி, எஃகின் ஓரத்தை உரசும்படி மட்டும் விடுகிறார்கள். முளையின் தேய்மானமும் குறையும்.

2013 மாடல் ஹோண்டா அக்கார்டு காரின் எஞ்சினைத் தாங்கும் முன்பக்கத் துணைச்சட்டத்தில் எஃகையும் அலுமினியத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கிளறல் முறையில் இணைத்தார்கள். முழு எஃகுச் சட்டத்தைவிட எடை 25% குறைந்தது.

கருவியை வெளியே எடுக்கும் இடத்தில் ஒரு துளை எஞ்சும். ஆங்கிலத்தில் அதைச் சாவித்துளை என்கிறார்கள். தமிழில் ‘முளைக்குழி’ போதும்.