அரும்புமீசையும் நூறு மீற்றர் ஓட்டமும்

கோண்டாவிலிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "கடந்த வருடம் வரை இல்ல மெய்வல்லுநர் போட்டியில் நூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த என் மகன், இம்முறை இறுதிச் சுற்றுக்கே தெரிவாகவில்லை. வயது 13. பெடியனிடம் திறமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இருந்த திறமை ஒரு வருடத்தில் எங்கே போகும்?"

தெரிவுப் போட்டியில் அளக்கப்படுவது அன்றைய ஆற்றல் மட்டுமே. திறமை என்பது அந்த ஆற்றல் இனி எவ்வளவு வளரும் என்ற கணிப்பு. முதலாவதை நிறுத்தற் கடிகாரம் சொல்லிவிடும். இரண்டாவதைச் சொல்ல அதற்கு வழியில்லை.

தை, மாசியில் ஏதாவதொரு பாடசாலை மைதானத்துக்குச் சென்று, சுண்ணாம்புக் கோட்டின் பின்னால் நிற்கும் 14 வயதுக்குட்பட்ட பிரிவினரைப் பாருங்கள். ஒருவனுக்கு அரும்புமீசை, குரல் உடைந்துவிட்டது. பக்கத்தில் நிற்பவனுடைய இல்ல பெனியன் முழங்காலைத் தொடும். எலும்பின் முதிர்ச்சியை வைத்துப் பார்த்தால் இவ்விருவருக்கும் இடையில் மூன்று, நான்கு வருட இடைவெளி இருக்கக்கூடும்.

நாட்காட்டியும் தன் பங்குக்கு விளையாடுகிறது. ஜனவரி 1 வயதெல்லையாக உள்ள பிரிவில், ஜனவரியில் பிறந்த எட்டு வயதுச் சிறுவன் டிசெம்பரில் பிறந்தவனைவிடத் தன் வாழ்நாளில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு மூத்தவன். கனடாவின் இளையோர் பனி ஹொக்கி அணிகளில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தோர் மிகையாகவும் கடைசி மூன்று மாதத்தவர் குறைவாகவும் இருப்பதை ரொஜர் பான்ஸ்லி குழுவினர் 1985 இல் எடுத்துக்காட்டினர். பெல்ஜிய உதைபந்தாட்டத்தில் 1997 இல் வயதெல்லை ஓகஸ்ட் 1 இலிருந்து ஜனவரி 1 க்கு மாற்றப்பட்டபோது, "திறமைசாலிகள்" பிறக்கும் மாதங்களும் கூடவே மாறின. பிறந்த மாதம் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது என்று சாத்திரி சொன்னால் நான் ஏற்கமாட்டேன். ஆனால் அதே வேலையை ஒரு விளையாட்டு விதி சத்தமில்லாமல் செய்துமுடிக்கிறது.

இனி எலும்புக்குள் போவோம். தொடையெலும்பு போன்ற நீண்ட எலும்புகளின் முனைக்கருகே கசியிழையத்தாலான (குருத்தெலும்பாலான) மெல்லிய வளர்ச்சித் தட்டு ஒன்று உண்டு. எக்ஸ்ரே படத்தில் அது எலும்பை அறுத்துச் சென்ற கறுப்புக் கோடு போலத் தெரிவதால், முறிவென்று பதறும் பெற்றோரும் உண்டு. அதற்குள் கலங்கள் காசுகளை அடுக்கிவைத்தது போல நிரல் நிரலாக நிற்கின்றன. நிரலின் ஒரு முனையில் அவை பிரிந்து பெருகுகின்றன. மறுமுனையை நெருங்க நெருங்க ஒவ்வொரு கலமும் ஊதிப் பல மடங்கு பருக்கிறது. எலும்பு நீள்வதில் பெரும்பங்கு இந்த ஊதலுக்கே உரியது. ஊதிய கலங்களிற் பல, சுண்ணம் படிந்த சட்டகத்தை விட்டுவிட்டு மடிய, எலும்பாக்கும் கலங்கள் வந்து அதன் மேல் புதிய எலும்பைப் பூசுகின்றன. பருவ வயதில் ஓமோன்கள் இந்த வேலையை முடுக்கிவிடும்போது, சராசரியாகப் பெண்பிள்ளைகளுக்கு 12 வயதளவிலும் ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதளவிலும் உயரம் மிக வேகமாகக் கூடுகிறது. ஆண்பிள்ளைகள் அந்த உச்சத்தில் வருடத்துக்கு 9, 10 சென்ரிமீற்றர் வரை வளர்வர்.

இந்த வளர்ச்சித் தட்டை இறுதியில் மூடிவிடுவது, ஆண்களிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோன்தான். இந்த ஓமோனைக் கலங்களில் பற்றிக்கொள்ளும் வாங்கி என்ற புரதம் பழுதுற்றிருந்த ஒருவரைப் பற்றி 1994 இல் மருத்துவர்கள் எழுதினர்: வயது 28, உயரம் 204 சென்ரிமீற்றர், ஆனால் வளர்ச்சித் தட்டுகள் இன்னமும் திறந்தேயிருந்தன, எலும்பின் முதிர்ச்சியோ 15 வயதுப் பையனுடையது! பெண்களுக்குரியதென்று நாம் ஒதுக்கிவைத்த ஓமோன், ஆணின் உயரத்துக்கும் பூட்டுப் போடுகிறது என்பதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை.

இந்த வளர்ச்சி உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை. முதலில் பாதம், பிறகு கால், அதன் பிறகு முண்டம். தசைவலு எல்லாவற்றுக்கும் பின்னால் வருகிறது. தைப்பொங்கலுக்கு வாங்கிய சப்பாத்து ஆடிக்குள் கடிக்கத் தொடங்கினால் வளர்ச்சிப் பாய்ச்சல் வாசலில் நிற்கிறது என்று கொள்ளலாம். நீண்ட காலுக்குப் போதிய தசை இன்னும் சேராத அந்த இடைவெளியில், நேற்றுவரை இலாவகமாக ஓடிய சில பிள்ளைகள் தம் கால்களைத் தாமே மிதிப்பவர்கள் போலத் தடுமாறுவார்கள். கோண்டாவில் பையனுக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம். அல்லது அவனுடைய பாய்ச்சல் இன்னும் தொடங்காமல், மற்றவர்களுடையது தொடங்கியிருக்கலாம்.

வசதியும் திறமையின் வரைவிலக்கணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியிலிருந்து வந்தவர். கோலும் மெத்தையும் பயிற்றுநரும் இல்லாத பாடசாலையில் அப்படியொரு திறமை இருந்தாலும் யார் கண்ணிற் படும்? பரிசளிப்பு மேடைப் பந்தலுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியாவது இவற்றுக்குப் போகவேண்டும் என்பேன்.

வளர்ச்சியை அளப்பதற்கோ பணமே தேவையில்லை. நின்ற உயரம், இருந்த உயரம் (உட்கார்ந்த நிலையில் அளப்பது), நிறை, வயது ஆகியவற்றிலிருந்து வளர்ச்சி உச்சத்துக்கு இன்னும் எவ்வளவு காலம் உண்டு என்று கணிக்கும் சமன்பாடு 2002 இல் வெளியானது. பல மாதங்கள் முன்பின்னாகத் தவறக்கூடிய கணிப்புத்தான். ஆயினும் ஒரேயொரு ஓட்டத்தை வைத்துப் பிள்ளையை விலக்குவதைவிட மேல்.

தந்தைக்கு ஒரு வேலை சொல்கிறேன். மகனைச் சுவரோடு நிறுத்தி ஒரு பென்சில் கோடு போட்டு, உயரத்தை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு வாங்கில் நிமிர்ந்து இருத்தி, வாங்கின் மேற்பலகையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து எழுதுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் காலின் நீளம் ஏறத்தாழக் கிடைக்கும். மூன்று மாதத்துக்கொரு முறை இதையே செய்யுங்கள். கால் நீண்டு, இருந்த உயரம் அவ்வளவாக மாறாமல் இருந்தால், அந்தக் கொப்பியை அடுத்த தெரிவுக்கு முன் பயிற்றுநரிடம் காட்டுங்கள்.