தகரக் கூரையும் தாயின் குரலும்: முதல் படம் எடுக்கும் மலையகத் தம்பி தங்கைகளுக்கு

11 வருடமாக ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் ஒலிப்பதிவு செய்கிறேன். முதல் படம் எடுக்க வருபவர்கள் கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தையும் கேமரா வாடகைக்கும் டிரோனுக்கும் கொடுத்துவிட்டு, "சவுண்ட டப்பிங்ல பாத்துக்குவோம் அண்ணே" என்கிறார்கள். அதைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும்.

என் முதல் படத்தில் நாங்களும் அப்படித்தான் செய்தோம். கொழுந்தெடுக்கும் ஓர் அம்மாதான் தாயாக நடித்தார். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, கொழும்புக்கு வேலைக்குப் போன மகனுடன் போனில் பேசும் காட்சி. பேச்சு வராத இடத்தில் தலைத்துண்டை அவிழ்த்து, மடித்து, மடியில் வைத்துக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. கேமரா மைக்கில் தகரச் சத்தம் மட்டுமே பதிவாகியிருந்தது. ஸ்டூடியோவில் தன் உதட்டசைவுக்கு அவராலேயே பேச முடியவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு வேறொருவரைப் பேச வைத்தோம். அந்த அம்மா இழுத்துச் சொன்ன "என்னா" நறுக்கென்று "என்ன" ஆகிவிட்டது. படம் போட்ட அன்று அவர் பேத்தி, "இது அப்பாயி கொரல் இல்லையே" என்றாள்.

ஆகவே முதலில் பருவத்தைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம்தான் கொட்டும். ஜூன், ஜூலையில் பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் வெயிலடிக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை ஊவாவில் மழை. அப்படியும் மழை வந்தால், வீட்டுக்காரரிடம் கேட்டு, கூரையில் சாக்கும் தும்பும் விரியுங்கள். துளி தகரத்தில் நேராக விழாது. பழைய தகரம் ஆளைத் தாங்காது, ஏணியில் நின்றே விரிக்க வேண்டும்.

டிரோன் காசில், நீளக் கம்பில் மாட்டிப் பிடிக்கும் ஒரு பூம் மைக்கும், அதைப் பிடிக்க ஒரு நல்ல ஆளும் கிடைப்பார்கள். அதற்கும் வழியில்லையா? சட்டையில் குத்தும் சின்ன மைக்கை நடிகரின் போனில் செருகி, ஏரோப்ளேன் மோடில் இடுப்பில் வையுங்கள். நம் ஊர்க் குளிருக்கு எல்லாரும் ஸ்வெட்டர் போடுவார்கள்; அது உரசாதபடி மைக்கை நெஞ்சில் பிளாஸ்டர் போட்டு ஒட்டுங்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஒரு கைதட்டு, படத்தோடு ஒலியைப் பொருத்த. காட்சி முடிந்ததும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் காம்பராவின் (லயத்து வீட்டு அறையின்) அமைதியைப் பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை அதுதான் மூடும்.

பக்கத்துக் காம்பரா டிவியில் சினிமாப் பாட்டு ஓடினால், தயவாகக் கேட்டு நிறுத்தச் சொல்லுங்கள். வசனத்தோடு கலந்த பாட்டைப் பிரிப்பது பெரும்பாடு, உரிமை வாங்கவோ நம்மிடம் காசில்லை. இரைச்சலுக்காக ஃப்ரிட்ஜை நிறுத்தினால் வேன் சாவியை அதற்குள் வையுங்கள்; மறுபடி போடாமல் கிளம்ப முடியாது. அந்த வீட்டுச் சாப்பாடு கெடக்கூடாது.

நடிக்க வருபவர்களுக்கு அன்றைய முழுப்பேர் கூலியை, அதாவது முழுநாள் சம்பளத்தை, அன்றே கையில் கொடுங்கள்.

இரவில் பதிவை இரண்டு டிஸ்கில் ஏற்றியதும் தூங்கப் போகாதீர்கள். ஹெட்போன் போட்டு முழுதும் கேளுங்கள். பிழை அன்றைக்கே தெரிந்தால், விடிந்ததும் அதே இஸ்தோப்பில் அதே அம்மாவை உட்கார வைத்து இன்னொரு தடவை எடுக்கலாம்.