மூன்றாவது வாரம் வரும் போன்

"சார், கரப்பானுக்கு ஜெல் வெச்சிட்டுப் போனீங்க, ரெண்டு வாரம் ஒண்ணுகூட கண்ணுல படல. இப்போ பார்த்தா குட்டி குட்டியா ஓடுது. என்ன மருந்து சார் வெச்சீங்க?"

இந்தப் போன் வராத மாதம் எனக்கு இல்லை. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். ஆள் மாறும், தெரு மாறும், அந்த மூன்று வாரக் கணக்கு மட்டும் மாறாது. போன வாரம் ஒருவர் "டூப்ளிகேட் மருந்து" என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். இரண்டாவது சர்வீஸுக்குப் போன பையன்களை "இப்போ ஒண்ணும் இல்லப்பா, தேவைப்பட்டா கூப்பிடுறேன்" என்று வாசலோடு திருப்பி அனுப்பியவரும் அவர்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எந்தக் கரப்பான் என்று பார்த்துவிடுவோம். கழிவறைக் குழாய் வழியே வரும், சிவந்த பழுப்பு நிறத்தில் கட்டைவிரல் நீளம் இருக்கும் பெரிய கரப்பான் வேறு. அதை இங்கே விட்டுவிடலாம். நான் பேசுவது சமையலறையில் இருக்கும் சின்னக் கரப்பான். ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கும், வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் முதுகில் இரண்டு கறுப்புக் கோடுகள். ஜெர்மன் கரப்பான் என்பார்கள். இதன் பூர்வீகம் இந்தியா, மியான்மர் பக்கம் என்றும், ஆசியக் கரப்பான் இனத்திலிருந்து ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்கு முன் பிரிந்து மனிதனோடு ஒட்டிக்கொண்டது என்றும் 2024-இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. ஆக, நம் வீட்டுக்கு அது விருந்தாளி இல்லை.

பெரிய கரப்பான் முட்டைப்பையை உண்டாக்கியதும் ஓரிரு நாளில் ஏதாவது ஒரு மூலையில் போட்டுவிட்டுப் போய்விடும். சின்னது அப்படிச் செய்யாது. மாடுலர் கிச்சன் கதவின் கீல் பொருத்திய குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். தலை உள்ளே, வால் பக்கம் வெளியே என்று அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒன்று தெரியும். வால் நுனியில் பழுப்பு நிறத்தில், குறுக்கே வரி வரியாக, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் முட்டைப்பை. உள்ளே 30, 40 முட்டைகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். பொரிக்கும்வரை, சுமார் மூன்று வாரம், தாய் அதைச் சுமந்தே திரியும். முட்டைகளுக்குத் தண்ணீரும் தாயின் உடம்பிலிருந்துதான் போக வேண்டும். பாதியில் பை விழுந்தால் உள்ளே இருப்பவை பெரும்பாலும் காய்ந்துவிடும்.

சிக்கலே அந்த மூன்று வாரத்தில்தான் இருக்கிறது. பை சுமக்கும் பெண் கரப்பான் அதிகம் வெளியே வராது, அதிகம் சாப்பிடாது. நாங்கள் வைக்கும் ஜெல் மருந்து கலந்த இரை, சாப்பிட்டால்தான் வேலை செய்யும். சாப்பிடாததை அது எப்படிக் கொல்லும்?

ஏன் சாப்பிடுவதில்லை என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பூச்சியின் மூளைக்குப் பின்னால் கார்ப்போரா அலாட்டா என்று கடுகைவிடச் சிறிய இரட்டைச் சுரப்பி இருக்கிறது. அதில் சுரப்பது ஜுவனைல் ஹார்மோன். குஞ்சுப் பருவத்தில் இது இருக்கும்வரை பூச்சி முழு வளர்ச்சி அடையாது. ஆனால் வளர்ந்த பெண்ணிடம் இதே ஹார்மோனுக்கு வேறு வேலை: முட்டைக்கு மஞ்சள் கரு சேர்ப்பது. பெர்ட்டா ஷாரர் என்ற விஞ்ஞானி 1946-லேயே வேறொரு கரப்பான் இனத்தில் இந்தச் சுரப்பியை எடுத்துவிட்டுப் பார்த்தார். முட்டை வளரவில்லை.

நம் சமையலறைக் கரப்பானில் கணக்கு இப்படிப் போகும். கடைசியாகத் தோல் உரித்துப் பெண் வெளியே வரும்போது ஹார்மோன் குறைவு. நன்றாகச் சாப்பிடச் சாப்பிட முதல் வாரத்தில் அது ஏறிக்கொண்டே போகும். ஆணோடு சேர்ந்தால் இன்னும் வேகமாக ஏறும். உடம்பிலுள்ள கொழுப்புத் திசு மஞ்சள் கருவுக்கான புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடும், சினைப்பை அதை இழுத்துக்கொள்ளும். முட்டை முற்றியதும் ஜுவனைல் ஹார்மோன் சரியும், எக்டைசோன் வகை ஹார்மோன் தலைகாட்டும், முட்டைக்கு ஓடு உருவாகும், பிறகு பை வெளியே வரும். பை வந்து பொருந்தியதும் அந்த அழுத்தம் நரம்பு வழியே மூளைக்குப் போகிறது. மூளை சுரப்பியைப் பூட்டிவிடுகிறது. பையைப் பிடுங்கினால் சுரப்பி திரும்பவும் வேலையை ஆரம்பிக்கும். பிடுங்கிய இடத்தில் போலிப் பையைச் செருகினால் மறுபடியும் அடங்கிவிடும். சோதனைக்கூடத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஹார்மோன் அடங்கிக் கிடக்கும் இந்த நாட்களில் பசியும் அடங்கியே இருக்கும். பை பொரிந்து காலியானதும் பூட்டு திறக்கும், ஹார்மோன் ஏறும், அகோரப் பசியோடு கரப்பான் வெளியே வரும். எங்களுக்கு வேண்டியது அந்தச் சில நாட்கள்தான். அந்த நேரத்தில், இரண்டாவது சர்வீஸில் வைக்கும் புது ஜெல் கண்ணில் பட வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் வைத்த ஜெல், நம் ஊர் அடுப்பங்கரைச் சூட்டில் காய்ந்து பொருக்காகி, மேலே எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும். அதை எந்தக் கரப்பானும் தொடாது.

இப்போது அந்தப் போனுக்கு வருவோம். நாங்கள் ஜெல் வைத்த அன்று வீட்டில் இருந்த ஆண்களும் குஞ்சுகளும் பை இல்லாத பெண்களும் தின்று செத்தன. செத்ததையும் அதன் கழிவையும் தின்ற குஞ்சுகளும் செத்தன. முதல் வாரத்திலேயே பொரிந்தவை ஈர ஜெல்லில் மாட்டிக்கொண்டன. வீடு சுத்தம், உங்களுக்கும் சந்தோஷம். அன்றுதான் பை உண்டாக்கிய பெண் கீல் குழிக்குள் பட்டினியோடு உட்கார்ந்திருந்தது. மூன்றாவது வாரம் அதன் பை பொரிந்தது. கறுப்பாக, முதுகு நடுவில் வெளிர் கோட்டோடு, மூன்று மில்லிமீட்டர் அளவில் ஓடுவது அந்தக் குஞ்சுகள்தான். "இது வேற பூச்சி சார், ஏதோ வண்டு" என்று போட்டோ அனுப்பாதீர்கள். வண்டு இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது அடுத்த வாக்கியத்தில்தான். "சரி சார், இந்தத் தடவை நல்லா வீரியமான மருந்தா போட்டு விடுங்க."

வீரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜெல்லில் மருந்தைப் பத்து மடங்கு ஏற்றினாலும், வாய் வைக்காத பூச்சிக்கு அது வெறும் பசைதான். சரி, ஸ்ப்ரே அடித்தால்? அடிக்கும் மருந்து கீல் குழிக்குள்ளும் ஃப்ரிட்ஜ் மோட்டார் இடுக்கிலும் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் போய்ச் சேராது. அப்படியே சேர்ந்து தாய் செத்தாலும், பொரிக்கும் தறுவாயில் இருக்கும் பை கழன்று விழுந்து பொரிந்துவிடும். உள்ளே இருக்கும் முட்டைகளைப் பையின் ஓடு மருந்திலிருந்து காக்கும். இதைவிட மோசம், ஜெல் வைத்த இடத்தின் மேலேயே நீங்கள் கடையில் வாங்கிய ஸ்ப்ரேயை அடிப்பது. அந்த வாடைக்குக் கரப்பான் ஜெல் பக்கமே வராது. நாங்கள் வைத்ததையும் நீங்களே வீணாக்கிவிட்டு எங்களைத் திட்டுகிறீர்கள்.

இன்னும் சிலர் உரக்கடையில் வயலுக்கு விற்கும் மருந்தை வாங்கி வந்து கிச்சனில் அடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கரப்பானுக்காகச் சொல்லவில்லை, அந்த மேடையில் காய் நறுக்கும் உங்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் தொழில்காரர்களையும் சொல்லியாக வேண்டும். "ஒரே தடவை, ஒரு வருஷம் கேரண்டி" என்று நோட்டீஸ் அடித்து விற்பவர்கள்தான் இந்த எதிர்பார்ப்பை உண்டாக்கிவிட்டார்கள். இரண்டாவது சர்வீஸ் என்றால் காசு பிடுங்குவதற்கு என்று மக்கள் நினைப்பதில் வியப்பில்லை. அந்தத் தேதியைக் குறிப்பது நானல்ல, கரப்பானின் சுரப்பி என்று எத்தனை பேரிடம் சொல்வது?

இன்னொரு வகை மருந்தும் உண்டு. தொழிலில் ஐஜிஆர் என்போம், பூச்சியின் வளர்ச்சியைக் குழப்பும் மருந்து. ஹைட்ரோப்ரீன், பைரிப்ராக்சிஃபென் இரண்டும் ஜுவனைல் ஹார்மோனைப் போலவே நடிக்கும். ஹார்மோன் இருக்கக் கூடாத நேரத்தில் குஞ்சின் உடம்பில் இது இருந்தால், அடுத்த தோலுரிப்பில் இறக்கை முறுக்கிக்கொண்ட, இனப்பெருக்கம் செய்ய முடியாத கரப்பான்தான் வரும். அது சாகாது. ஓடும், உங்கள் கண்ணிலும் படும். பட்டால் உடனே எனக்குப் போன் செய்யாமல் இறக்கையைப் பாருங்கள், சுருண்டிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். "ஹார்மோனா? வீட்ல பொண்ணு இருக்கா சார்" என்று பயப்படுகிறவர்களுக்கு: இது பூச்சியின் ஹார்மோன், நம் உடம்பில் சுரப்பதில்லை. அதற்காகச் சாப்பாட்டுப் பாத்திரத்தில் படலாம் என்று நான் சொல்லவில்லை. எந்த மருந்தும் படக் கூடாது.

இடையில் ஒன்று. இனிப்பு கலந்த ஜெல்லைச் சில கரப்பான்கள் சீந்தாது. அமெரிக்காவில் 1990-களிலேயே கண்டுபிடித்தார்கள். குளுக்கோஸ் அவற்றின் நாக்குக்குக் கசக்கிறதாம். இதில் வேடிக்கை என்னவென்றால், பெண்ணை மயக்க ஆண் கரப்பான் தன் முதுகில் சுரக்கும் இனிப்பும் பெண்ணின் எச்சில் பட்டதும் குளுக்கோஸாக மாறுகிறது. கசந்ததும் பெண் பாதியிலேயே இறங்கிப் போய்விடுகிறது. அதற்குத் தோதாக ஆண்களும் கூடலைச் சீக்கிரம் தொடங்கப் பழகியிருக்கின்றன. அதனால் ஒரே பிராண்ட் ஜெல்லை வருடக்கணக்காக வைக்காமல் மாற்றி மாற்றி வைப்பது எங்கள் வேலை. உங்கள் டெக்னீஷியனிடம் கேளுங்கள், கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

ராத்திரி அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டுப் படுங்கள். அறிவுரை மாதிரிதான் இருக்கும். ஆனால் சாப்பாடு கிடைக்காத பெண் கரப்பானிடம் ஜுவனைல் ஹார்மோன் ஏறாது. வயிறு நிறைந்தது என்ற செய்தி இன்சுலின் மாதிரியான ஒரு வழியில் போய்ச் சேர்ந்தால்தான் சுரப்பி வேலை செய்யும். போகாவிட்டால் மஞ்சள் கரு இல்லை, பை இல்லை. மிக்ஸிக்கு அடியில் வழிந்து காய்ந்த தேங்காய்ச் சட்னியும், கேஸ் அடுப்பின் கீழ்த் தட்டில் சேர்ந்த எண்ணெயும் ஒரு குடும்பத்துக்குப் போதும். அதோடு, வேறு சாப்பாடு இருக்கும்போது ஜெல்லை யார் தேடுவார்கள்?

அட்டைப் பெட்டிகளைச் சேர்த்து வைக்காதீர்கள். ஆன்லைனில் வாங்கிய டப்பா, மளிகைக் கடை அட்டை எல்லாம் வந்த அன்றே வெளியே போகட்டும். பையோடு ஒரே ஒரு பெண் வந்தால் போதும், ஒரு தடவை கூடியதை வைத்தே ஆயுசுக்கும் முட்டை போடும். இடுக்கில் நெருக்கியடித்து வாழ்வதும் அவற்றுக்கு லாபம்தான். தனியாக இருக்கும் பெண்ணைவிட, இன்னொன்றின் உணர்கொம்பு உரசிக்கொண்டே இருக்கும் பெண்ணுக்கு ஹார்மோன் சீக்கிரம் ஏறி, முட்டையும் சீக்கிரம் வளரும்.

பையோடு ஒன்று அகப்பட்டால் அடிக்கலாமா, முட்டை சிதறிப் பரவிவிடுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். தாராளமாக அடியுங்கள். நசுங்கிய முட்டை பொரிக்காது. பை தனியாகக் கழன்று விழுந்தால் மட்டும் விளக்குமாற்றால் தள்ளிவிட்டுப் போகாமல் அதையும் சேர்த்து மிதித்துவிடுங்கள்.

ஜெல் வைத்த இடங்களை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். அதற்காக மேடையைத் துடைக்காமல் விடவும் வேண்டாம், நாங்கள் மேடைமேல் வைப்பதில்லை. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் முன்பே சொல்லுங்கள். கரப்பானின் கழிவும் உரித்த தோலும் அவர்களுக்கு ஆகாது, அவற்றைக் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இரண்டாவது சர்வீஸுக்கு வரும் பையன்களைத் திருப்பி அனுப்பாதீர்கள் அம்மா, அய்யா. வீட்டில் ஒன்றுகூட இல்லை என்று தோன்றும் அந்த வாரம்தான் முக்கியமான வாரம். அவர்கள் வருவதற்கு முந்தின ராத்திரி சிங்க்குக்கு அடியில் இருக்கும் பக்கெட், பழைய துணி, என்றைக்காவது உதவும் என்று கட்டி வைத்திருக்கும் கேரி பேக் மூட்டை எல்லாவற்றையும் எடுத்து வெளியே வையுங்கள். அந்தக் கேரி பேக் மூட்டை திரும்பி உள்ளே போக வேண்டாம்.