சான்று தேவை: ‘சைட்டேஷன்’ என்ற சொல்லும் அதன் தமிழும்

தமிழ் விக்கிப்பீடியாவில் முதன்முதலாகக் கை வைப்பவர்கள் பெரும்பாலும் சொந்த ஊரில்தான் தொடங்குகிறார்கள். ஊர்ப் பெயரைத் தேடினால் நாலு வரியில் ஒரு கட்டுரை கிடக்கும். மக்கள்தொகை இருக்கும், அஞ்சல் குறியீட்டு எண் இருக்கும், ஊர் மட்டும் இருக்காது. மனசு கேட்காமல் ‘தொகு’ என்பதை அழுத்தி, “இவ்வூர்க் கோயில் ஆயிரம் ஆண்டுப் பழமையானது” என்று ஒரு வரி சேர்ப்பார்கள். மறுநாள் வந்து பார்த்தால் அந்த வரியின் வாலில், சற்றே மேலே தூக்கி, சதுர அடைப்புக்குள் ஒரு குறி தொங்கும்: சான்று தேவை. சில நேரம் குறிகூட இருக்காது. வரியே போயிருக்கும்.

“நான் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், என்னிடமே சான்றா?” என்று, தொகுப்பவர்கள் விவாதிப்பதற்காகக் கட்டுரையோடு இணைந்திருக்கும் பேச்சுப் பக்கத்தில் சண்டைக்குப் போவது அடுத்த கட்டம். அங்கே ஒருவர் மேற்கோள் கொடுங்கள் என்பார். இன்னொருவர் ஆதாரம் கேட்பார். மூன்றாமவர் உசாத்துணை சேர்க்கச் சொல்வார். சாதாரணமாகப் பேசுபவர் “ஒரு ரெஃபரன்ஸ் போட்டுடுங்க” என்று முடித்துவிடுவார். நாலும் ஒன்றுதான் என்று புதியவர் நினைத்துக்கொள்கிறார். ஒன்றில்லை. அவருடைய தடுமாற்றத்தில் பாதி இந்தச் சொற்குழப்பத்தில் பிறந்தது என்பது என் எண்ணம்.

முதலில் ஆங்கிலச் சொல்லைப் பார்த்துவிடலாம். நாம் ‘சான்று’ என்னும் இடத்தில் ஆங்கில விக்கிப்பீடியாவின் குறியில் இருப்பது ‘சைட்டேஷன்’. அது லத்தீன் வினை ஒன்றிலிருந்து வந்தது. அசையச் செய்வது, வரச்சொல்லிக் கூப்பிடுவது என்று அதற்குப் பொருள். ஆங்கிலத்துக்குள் அது நுழைந்தபோது நீதிமன்ற அழைப்பாணையைக் குறித்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் போக்குவரத்துக் காவலர் கையில் திணிக்கும் சீட்டுக்கு அதே பெயர்தான். ஆளைக் கூப்பிடுவது என்ற பொருள் பிறகு விரிந்து, ஒரு நூலையோ ஆசிரியரையோ தன் பேச்சுக்குத் துணையாகக் கூப்பிடுவதையும் குறிக்கத் தொடங்கியது. உருவகம் இப்போதும் சாகவில்லை. நீங்கள் ஒரு செய்தி சொல்கிறீர்கள், கேட்பவர் நம்பவில்லை, ஒருவரைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். அவ்வளவுதான்.

அப்படியானால் இதற்கான தமிழ்ச் சொல்லைச் சாட்சி சொல்லும் இடத்தில்தான் தேட வேண்டும்.

சாட்சிக்குப் பழந்தமிழில் ‘கரி’ என்று பெயர். அடுப்புக்கரி அதை விழுங்கிவிட்டதால் இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘சாட்சி’ வடமொழியிலிருந்து வந்தது, கண்ணோடு தொடர்புடையது. கண்ணால் கண்டவர் என்று அர்த்தம். ‘சான்று’ நம் ‘சால்’ என்ற வேரில் முளைத்தது. சால் என்றால் நிறைதல், தகுதியாதல், போதுமானதாதல். சால்பு, சான்றோர், சான்றாண்மை எல்லாம் அந்த வேரின் கிளைகள். பழைய சொல்லும் இந்த வேரும் ஒரே அடியில் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. திருக்குறளின் 25ஆம் பாட்டு “இந்திரனே சாலும் கரி” என்று முடிகிறது. இந்திரன் ஒருவனே போதுமான சாட்சி என்று பொருள். கரி என்றால் சாட்சி. சாலும் என்பது அந்தச் சாட்சியின் தரத்தைப் பற்றிய தீர்ப்பு. சாட்சி யார் வேண்டுமானாலும் ஆகலாம், சாலுமா என்பதுதான் கேள்வி.

புதியவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். சுட்டி கொடுத்தால் போதும் என்று நினைத்து முகநூல் பதிவை ஒட்டுகிறார்கள், கோயில் நிர்வாகமே அச்சிட்ட தலவரலாற்றை ஒட்டுகிறார்கள், நடிகரின் ரசிகர் மன்றப் பக்கத்தை ஒட்டுகிறார்கள். கரி இருக்கிறது, சாலவில்லை. சொல்லப்படும் ஆளுக்கோ நிறுவனத்துக்கோ வேண்டியவராக இல்லாத ஒருவர் எழுதி, யாரோ ஒரு பதிப்பாசிரியரின் கண் பட்டு வெளிவந்ததா என்று பழைய தொகுப்பாளர்கள் பார்க்கிறார்கள். அது எழுதப்போகும் பொருளைப் பற்றி விரிவாகப் பேசுகிறதா, போகிற போக்கில் பெயரை மட்டும் உதிர்க்கிறதா என்பதும் முக்கியம்.

போகிற போக்கில் உதிர்க்கும் சான்று எப்படி இருக்கும் என்பதற்குச் சங்கப் புலவர் கபிலரைக் கேட்கலாம். அவருடைய அந்தப் பாட்டு குறுந்தொகையிலும் 25ஆம் பாட்டாக அமைந்தது தற்செயல். தலைவன் மணந்துகொள்கிறேன் என்று சொன்னபோது அங்கே யாரும் இல்லை, அவன்தான் இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி கலங்குகிறாள். பிறகு நினைவு வந்தவளாகச் சொல்கிறாள்: குருகு என்ற நீர்ப்பறவை ஒன்றும் இருந்தது. தினைத்தாள் போல மெல்லிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. சாட்சி உண்டு. ஆனால் அது மீனைத்தான் பார்த்தது. விக்கிப்பீடியாவில் சேர்க்கப்படும் சுட்டிகளில் பல இந்தக் குருகு ரகம். கட்டுரை ஒரு எழுத்தாளரைப் பற்றியது. சுட்டியோ ஒரு விழாச் செய்தி, அதில் கலந்துகொண்டவர்கள் பட்டியலில் ஏழாவதாக அவர் பெயர்.

சரி, ஊர்க்காரர் கேட்ட கேள்விக்கு வருவோம். தன் கண்ணால் கண்டதை ஏன் எழுதக்கூடாது? எழுதலாம், வேறு எங்கு வேண்டுமானாலும். விக்கிப்பீடியாவில் எழுதுபவர் யார் என்று படிப்பவருக்குத் தெரியாது, புனைபெயர்கூடத் தேவையில்லாமல் எழுதலாம். ஆள் யார் என்று தெரியாத இடத்தில் ஆளை நம்ப வழியில்லை, அவர் கூப்பிடும் சாட்சியைத்தான் நம்ப முடியும். ஆங்கில விக்கிப்பீடியாவின் கொள்கைப் பக்கம் பல ஆண்டுகள் இதை முரட்டுத்தனமாகவே சொல்லிவந்தது: இங்கே நுழைய வேண்டியது சரிபார்க்க இயலும் தன்மை, உண்மை இல்லை என்று. படித்தவர்கள் கொதித்தார்கள். பொய்யை எழுதச் சொல்கிறார்களா என்றார்கள்.

நம் ஊர் அலுவலக வழக்கம் தெரிந்தவருக்கு இது புரியாத விஷயமே இல்லை. மதிப்பெண் பட்டியலை நகலெடுத்துக்கொண்டு சான்றொப்பம் வாங்க அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் வாசலில் நின்றிருக்கிறோமே. பச்சை மையில் அவர் போடும் கையெழுத்துக்கு என்ன பொருள்? இந்தப் பையன் கணக்கில் கெட்டிக்காரன் என்றா? நகலும் அசலும் ஒத்திருக்கின்றன என்று மட்டும்தான். விக்கிப்பீடியா தொகுப்பாளரும் சான்றொப்பம் போடுபவர்தான். மூலத்தில் இருப்பதே இங்கும் இருக்கிறது என்பதற்குத்தான் அவர் பொறுப்பு.

இந்தக் கொள்கைக்குத் தமிழ் விக்கிப்பீடியா வைத்திருக்கும் பெயர் ‘மெய்யறிதன்மை’. அழகான சொல், ஆனால் எனக்கு அதோடு ஒரு சின்னச் சண்டை உண்டு. மெய்யை அறிவது வாசகர் வேலை. கட்டுரையில் வேண்டியது அறிவதற்கான வழி. ‘சரிபார்ப்புத்தன்மை’ என்றிருந்தால் இவ்வளவு கம்பீரம் இருந்திருக்காது, புதியவருக்குக் குழப்பமும் இருந்திருக்காது. போகட்டும், வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க வேண்டாம். விக்கிப்பீடியாவின் அடிப்படைக் கொள்கைகளுக்கு ‘ஐந்து தூண்கள்’ என்று பெயர். சால்பைத் தாங்கும் தூண்களும் ஐந்து என்கிறது 983ஆம் குறள், அதில் ஒன்று வாய்மை. இதுவும் தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி ‘மேற்கோள்’. இந்தச் சொல்லின் பயணம்தான் வேடிக்கையானது. மேல், கோள் என்ற இரண்டும் சேர்ந்தது. கோள் என்பது கொள்ளுதல். தருக்க நூல் மரபில் ஒருவர் நிறுவுவதற்காக மேற்கொள்ளும் கருத்துக்கு, அதாவது இன்னும் நிரூபிக்கப்படாத கூற்றுக்கு, மேற்கோள் என்று பெயர். அதற்குக் காரணம் காட்டுவதற்கு ‘ஏது’ என்று பெயர், பிறகு எடுத்துக்காட்டு. மெய்கண்டாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான போதம் இந்த மூன்றடுக்கில்தான் விரிகிறது. அன்றைய கணக்குப்படி “கோயில் ஆயிரம் ஆண்டுப் பழமையானது” என்ற வரிதான் மேற்கோள். கேட்கப்படுவது அதற்கான ஏது. காலப்போக்கில் சொல் குட்டிக்கரணம் போட்டு, பிறர் கூற்றை எடுத்தாளுவது என்ற பொருளுக்கு வந்து நின்றுவிட்டது. இன்றைய வாசகருக்கு மேற்கோள் என்றதும் இரட்டைக் குறிக்குள் இருக்கும் வாசகம்தான் மனதில் வரும்.

தமிழ் விக்கிப்பீடியாவில் வரிக்குள் தொங்கும் குறி சான்று கேட்கிறது, கட்டுரையின் அடியில் உள்ள பகுதிக்கோ ‘மேற்கோள்கள்’ என்று தலைப்பு. விளைவு என்ன? மேற்கோள் தாருங்கள் என்றதும் புதியவர் நாளிதழிலிருந்து ஒரு பத்தியை அப்படியே வெட்டி ஒட்டுகிறார். கேட்டதைத்தானே செய்தார்! பதிப்புரிமை மீறல் என்று அதுவும் நீக்கப்படுகிறது. செய்ய வேண்டியது நேர் எதிரானது: செய்தியைச் சொந்த நடையில் எழுதிவிட்டு, எங்கே படித்தோம் என்பதை மட்டும் சொல்வது.

நம் உரையாசிரியர்கள் எதிர்த்திசையில் போனவர்கள். வாசகத்தை எடுத்தாளுவார்கள், இடத்தைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். “என்றார் பிறரும்” என்பதோடு சரி. அந்தப் பிறர் யார்? சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கு நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயர் இல்லாமல் வரும் வரிகளின் பிறப்பிடத்தைத் தேடுவதே பெரும்பாடாக இருந்தது. ஒரு விதத்தில் நல்லதாகவும் போயிற்று. வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாகக் கிடைக்கவில்லை; உரைகளிலும் திரட்டுகளிலும் எடுத்தாளப்பட்ட பாட்டுகள்தான் மிஞ்சின. இன்னும் பின்னால் போனால் தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே “முப்பஃ தென்ப” என்கிறது. எழுத்துகள் முப்பது என்று சொல்வார்கள். யார் சொல்வார்கள்? இன்றைய தொகுப்பாளர் கையில் கிடைத்திருந்தால் ‘யார்?’ என்று ஒரு குறி ஒட்டியிருப்பார். சிரிப்புக்குச் சொன்னாலும், “பலர் கருதுகின்றனர்”, “என்று கூறப்படுகிறது” என்பவை புதியவர் கட்டுரைகளில் மிகுதியாக வருவதற்கு இந்த நீண்ட பழக்கமும் காரணமாக இருக்கலாம்.

‘மூலம்’ என்பது ‘சோர்ஸ்’ என்பதற்கு ஈடு. ‘மூலம் தேவை’ என்று குறி போடாததற்கு மருத்துவக் காரணமும் இருக்கலாம்! ஆனால் ‘மூலமும் உரையும்’ என்று நாம் புத்தக அட்டையில் அச்சிடும் இரட்டை, விக்கிப்பீடியாவின் இன்னொரு விதியை நன்றாக விளக்கும். கோயில் சுவரிலுள்ள கல்வெட்டு மூலம். அதைப் படித்து, காலம் கணித்து, நூலில் வெளியிடுபவர் சொல்வது உரை. கலைக்களஞ்சியம் உரையை நம்பி எழுதப்படுவது. நாமே கைப்பேசியில் படமெடுத்து நாமே படித்து இது ராசேந்திரன் காலம் என்று முடிவு கட்டினால் அது புத்தாய்வு, அங்கே இடமில்லை.

‘உசாத்துணை’ ஈழத்தவர் கையில் உயிரோடு இருக்கும் சொல். உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல். தொல்காப்பியக் களவியல் தோழியைத்தான் உசாத்துணை என்கிறது. குருகுப் பாட்டில் தலைவி தன் கலக்கத்தைச் சொல்வதும் தோழியிடம்தான். குறிப்பிட்ட வரிக்கு என்று இல்லாமல், எழுதும்போது பக்கத்தில் வைத்துக் கலந்துகொண்ட நூல்களுக்கு இந்தப் பெயரே பொருத்தம். அதைச் சான்றின் இடத்தில் வைக்கக்கூடாது. தோழி ஆறுதல் சொல்வாள், அவள் சம்பவ இடத்தில் இல்லை.

‘ஆதாரம்’ என்றால் தாங்குவது. தாங்குவது தானே தொங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர், கோவாட்டி என்ற விலங்குக்குப் ‘பிரேசிலிய ஆர்ட்வார்க்’ என்றும் பெயர் உண்டு என ஆங்கில விக்கிப்பீடியாவில் விளையாட்டாக எழுதிவைத்தார். சான்று இல்லை, யாரும் கேட்கவுமில்லை. நாளிதழ்கள் அதை எடுத்தாண்டன. பிறகு அந்த நாளிதழ் ஒன்றே விக்கிப்பீடியா வரிக்குச் சான்றாக அமர்ந்தது. 2014இல் குட்டு வெளிப்படும்வரை வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. விக்கிப்பீடியாவுக்கு விக்கிப்பீடியா சான்றாகாது என்ற விதியை, அதன் இன்னொரு மொழிப் பதிப்புக்கும் சேர்த்து, இதனால்தான் கறாராகப் பிடிக்கிறார்கள்.

அச்சில் ஏறாத அறிவு என்ன செய்யும் என்ற கேள்விக்கு எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. 2011இல் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் வடக்கு சோத்தோ ஆகிய மொழிகளில், ஊர்ப் பெரியவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்து அதையே சான்றாகக் காட்டும் முயற்சி ஒன்று நடந்தது. பொது விதியாக அது மாறவில்லை. பறையின் அடவோ ஊர்ச் சமையலோ எழுத வருபவர் இன்றும் இந்தச் சுவரில் முட்டிக்கொள்கிறார்.

கோயில் வரி சேர்த்த ஊர்க்காரருக்கு வழி இருக்கிறது. சான்று இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது, தமிழில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள் 1890 முதல் வெளிவருகின்றன. தொல்லியல் துறை மாவட்டவாரியாகவும் வெளியிட்டிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்திலோ, ஈழத்து ஊர் என்றால் நூலகம் தளத்திலோ பழைய நூல்கள் கிடைக்கும். கண்டுபிடித்துவிட்டால் ஆசிரியர், நூற்பெயர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண், இவ்வளவுதான் எழுத வேண்டும். பக்க எண்ணை விட்டுவிடாதீர்கள், சரிபார்க்கப் போகிறவர் அறுநூறு பக்கத்தையும் புரட்ட வேண்டியிருக்கும்.

தேடிப் பார்த்த பிறகு அவர் எழுதும் வரி பெரும்பாலும் இப்படிச் சுருங்கியிருக்கும்: “இக்கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது.” சுமார் இருநூறு ஆண்டுகள் குறைந்துவிட்டன. வாலில் இப்போது தொங்குவது ஒரு அடிக்குறிப்பு எண்.