25-க்கு ஒரு நூலிழை கீழே

ஹாம்பர்க் துறைமுகத்தில் டோலெரோர்ட் என்றொரு கன்டெய்னர் முனையம் இருக்கிறது. அதில் 35 சதவீதப் பங்கை வாங்க விரும்பியது சீன அரசின் கப்பல் நிறுவனமான காஸ்கோ. 2022 அக்டோபரில் ஜெர்மன் அமைச்சரவை, 25-க்குக் கீழே என்றால் சரி என்றது. 2023-இல் கடைசியாகக் கைமாறியது 24.99 சதவீதம்.

அதென்ன 25? ஜெர்மனியில் ஒரு நிறுவனத்தின் அமைப்பு விதிகளைத் திருத்த முக்கால் பங்கு வாக்கு வேண்டும். கால் பங்குக்குச் சற்றே கூடுதலாக வைத்திருப்பவர் மறுத்துவிட்டால் மற்ற எல்லோரும் சேர்ந்தாலும் முடியாது. பாதிக்கு மேல் வாங்கினால்தான் அதிகாரம் என்று நினைத்துக்கொள்கிறோம். தடுக்கும் அதிகாரம் அதற்கு வெகு முன்பே கைக்கு வந்துவிடுகிறது.

பங்கு குறைந்தாலும் ஒப்பந்தத்தில் தனி உரிமை எழுதி வாங்கிக்கொள்ள வழி உண்டு. அதையும் அரசு அடைத்தது. முக்கிய வணிக முடிவுகளிலோ ஆள் நியமனங்களிலோ காஸ்கோவுக்கு வீட்டோ உரிமை தரக்கூடாது, முனையத்தின் நிர்வாகிகளை அது நியமிக்கவும் கூடாது என்று நிபந்தனை போட்டது.

இந்த எச்சரிக்கை எல்லாம் 2016-க்குப் பிறகு வந்தது. அந்த ஆண்டுதான் ஆக்ஸ்பர்க் நகரின் ரோபோ நிறுவனமான கூகாவைச் சீனாவின் மிடியா வாங்க முன்வந்து, ஏறத்தாழ 95 சதவீதப் பங்கைத் திரட்டியது. தொழில்நுட்பத்தின் அருமை தெரிந்த ஜெர்மானியர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. 2018-இல் இன்னொரு சோதனை. மின்கடத்தல் நிறுவனமான 50ஹெர்ட்ஸில் 20 சதவீதத்தை வாங்கச் சீன அரசின் ஸ்டேட் கிரிட் முயன்றது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ளவர்கள் பங்கு வாங்கினால் அதை அரசு ஆய்வு செய்து தடுக்கலாம். அப்போது அந்த ஆய்வுக்கான வரம்பு 25 சதவீதம். அதற்குக் கீழே நடக்கும் விற்பனையைத் தடுக்கச் சட்டத்தில் இடமே இல்லை. வேறு வழியின்றி அரசின் கேஎஃப்டபிள்யூ வங்கியே அந்தப் பங்கை வாங்கியது.

அப்புறம் வரம்பு இறங்கத் தொடங்கியது. 2018 டிசம்பரில் மின்சாரம், குடிநீர், தொலைத்தொடர்பு போன்ற அடிப்படைக் கட்டமைப்புகளுக்கு 10 சதவீதம். 2021-இல் செயற்கை நுண்ணறிவு, செமிகண்டக்டர், தானோட்டி வாகனம் உள்ளிட்ட துறைகளுக்கு 20. மற்றவற்றுக்கு அதே 25. இடையில் 2020-இல் நடந்த மாற்றம்தான் எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. அதுவரை பொதுப் பாதுகாப்புக்கு உண்மையான ஆபத்து என்று அரசு காட்ட வேண்டியிருந்தது. அதன்பின், பாதிப்பு வர வாய்ப்புண்டு என்றாலே போதும். கண்முன் இருக்கும் ஆபத்தைத் தேடிய சட்டம், வரப்போவதைக் கணிக்க ஆரம்பித்தது.

வாங்குபவரின் முகவரியும் அரசை ஏமாற்ற முடியாது. டார்ட்மண்டில் உள்ள எல்மோஸின் சிப் ஆலையை வாங்க வந்தது சிலெக்ஸ் என்ற ஸ்வீடன் நிறுவனம். ஸ்வீடன் ஐரோப்பிய ஒன்றியத்து நாடுதான். ஆனால் அப்போது சிலெக்ஸின் உரிமையாளர் ஒரு சீன நிறுவனம். மறைமுக உரிமையையும் சட்டம் கணக்கில் எடுக்கும் என்பதால் 2022 நவம்பரில் விற்பனை தடுக்கப்பட்டது.

வாங்குபவரையும் விற்பவரையும் உண்மையில் வாட்டுவது கடிகாரம். பொருளாதார அமைச்சகத்துக்கு முதலில் 2 மாதம். அதற்குள் ஆய்வைத் தொடங்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். தொடங்கினால் மேலும் 4 மாதம், சிக்கலான விஷயமென்றால் இன்னும் 3. கூடுதல் ஆவணம் கேட்டாலோ பேச்சுவார்த்தை தொடங்கினாலோ கடிகாரம் நின்றுவிடும். அதனால் மொத்தம் எத்தனை மாதம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய விற்பனைகளில் அனுமதி வரும்வரை பரிமாற்றம் செல்லாது. வாங்குபவருக்கு வாக்குரிமையைக் கொடுத்தாலோ, பாதுகாப்போடு தொடர்புடைய முக்கியத் தகவல்களைக் கொடுத்தாலோ 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

ஆனால் விற்பனை ஒப்பந்தத்துக்கு என்று தனியாக ஒரு கடைசித் தேதி உண்டு, அது நிற்காது. மியூனிக்கின் சிலிக்கான் தகடு நிறுவனமான சில்ட்ரானிக்கைத் தைவானின் குளோபல்வேஃபர்ஸ் 435 கோடி யூரோவுக்கு வாங்க இருந்தது. கடைசித் தேதி 2022 ஜனவரி 31. சீனப் போட்டி ஆணையமும் இந்த விற்பனைக்கு ஒப்புதல் தர வேண்டியிருந்தது, அது அந்த மாதம்தான் வந்தது. அதையும் சேர்த்து ஆராய நேரம் போதவில்லை என்றது பெர்லின். தடை என்று எந்த உத்தரவும் வரவில்லை, தேதிதான் கடந்தது. ஒரு ஆண்டுக்கும் மேலாக நடந்த முயற்சி அதோடு முடிந்தது. தடுப்பதென்றால் காரணத்தோடு தடுக்க வேண்டும், அப்போதுதான் நீதிமன்றத்தில் கேள்வியாவது கேட்க முடியும் என்பது என் கருத்து. குளோபல்வேஃபர்ஸ் ஒப்பந்தப்படி சில்ட்ரானிக்குக்கு 5 கோடி யூரோ கொடுத்துவிட்டு விலகியது.